வலது கைப் பெருவிரல்

ஐப்பசி 4, திங்கள்

விடாத தூறல். கோட்டு காயவில்லை. ஈரத்தோடே கோர்ட்டுக்கு.

அந்தோணி கேஸ். ராஜபாளையத்துப் பஞ்சு வியாபாரி வீட்டில் நகைத் திருட்டு. அங்கே சுண்ணாம்பு பூசிய கொத்தனார் இவன். நகை அகப்படவில்லை, பார்த்த சாட்சியும் இல்லை. இருப்பது ஒன்றே: "நான்தான் எடுத்தேன்" என்று சப் மாஜிஸ்திரேட்டிடம் அவன் கொடுத்த வாக்குமூலம். அது நின்றால் வருஷக்கணக்கில் ஜெயில்.

லாக்கப்பில் இடது பெருவிரலை நசுக்கிச் சொல்ல வைத்தார்களாம். கைதுக்கு முந்தியே சுத்தியல் பட்ட காயம் என்கிறது போலீஸ். யாரை நம்புவார்கள்?

அவன் சம்சாரம் ஞானம்: "அவிய களவாங்க மாட்டாவ ஐயா. ஆனா அடி தாங்க மாட்டாவ." அவள் அழவில்லை. கேஸ் கட்டை வீட்டுக்கே எடுத்து வந்தேன்.

ஐப்பசி 5, செவ்வாய்

வாங்க: மை, நெய், தலைவலித் தைலம்.

கேஸ் கட்டை நாலாவது தடவை புரட்டும்போது கண்ணில் பட்டது! கைநாட்டு என்றால் ஆணுக்கு இடது பெருவிரல், ஊரறிந்த வழக்கம். கைது அன்று அவன் வீட்டைச் சோதனை போட்டு எழுதிய சாமான் பட்டியலில், அந்த ஜாபிதாவின் அடியில், அவன் இடது ரேகை, வரிவரியாய், சுத்தமாய், காயமில்லாமல். ஆறு நாள் கழித்து, வாக்குமூலத்தில் "வலது கைப் பெருவிரல்". எவனோ ஒரு யோக்கியமான குமாஸ்தா உள்ளதை உள்ளபடி எழுதித் தொலைத்திருக்கிறான்.

மூன்று தடவை பார்த்தும் தெரியாத நானும் ஒரு வக்கீல்! இட்லி எட்டு உள்ளே போனது. என் வீட்டுக்காரி, "என்ன, ஜட்ஜ் ஆக்கிட்டாவளோ?" என்றாள்.

ஐப்பசி 7, வியாழன்

காலையில் இன்ஸ்பெக்டர் கூண்டில். விரல் கைதுக்கு முந்தியே நசுங்கியிருந்தது என்று சத்தியம் செய்தார். செய்யட்டும் என்று விட்டேன்.

பிறகு மாஜிஸ்திரேட்.

"ஏன் வலது விரல்?"

"இடது விரலில் கட்டு."

"ஏன் கட்டு என்று கேட்டீர்களா?"

"கேட்கவில்லை."

அப்புறம்தான் ஜாபிதாவை நீட்டினேன். ஜட்ஜ் துரை இரண்டு காகிதத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

ஐப்பசி 8, வெள்ளி

ஜெயித்தேன், ஜெயித்தேன். "வதைத்து வாங்கிய வாக்குமூலம் சாட்சியத்தில் சேராது." அது போனால் கேஸில் என்ன மிச்சம்? விடுதலை! வக்கீல்கள் அறை முழுக்கப் பால்கோவா என் செலவு. சீனியர்: "வே, ரேகை சாஸ்திரம் எங்கவே படிச்சீரு?" பெருமை தாங்கவில்லை, எதற்கு மறைக்க வேண்டும்?

வெளியே வந்தால் படியில் இன்ஸ்பெக்டர். போலீஸைக் கண்டால் தோள் துண்டு இடுப்புக்கு இறங்க வேண்டும் என்பது வழக்கம். ஞானம் பயந்து அந்தோணியின் துண்டைப் பிடித்து இழுத்தாள்.

"விடுட்டி," என்றான் அந்தோணி. துண்டை உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டு, அவர் முன்னாலேயே இறங்கி நடந்தான்.