மதில்மேல் இருவர்

தம்மாம்
13.10.1995

அன்புள்ள பகலவா,

நான் சுகம். உன் சுகத்தை அப்புறம் கேட்கிறேன். முதலில் ஸ்கோர்.

உன் கடிதம் வந்தது. இரண்டு பக்கம். அதில் ஒன்றரைப் பக்கம் மழை பெய்யாத வானத்தைப் பற்றி. கடைசியில் ஒரே வரி: ‘ஆட்டம் ஒன்று நடந்தது, ஜெயித்தோம்.’ எம்.ஏ. படித்தவன் எழுதுகிற கடிதமா இது? யாரோடு ஆடினோம், துரைராசு எத்தனை போட்டான், ஜெக்கரியா சார் டைம் அவுட்டில் யாரைத் திட்டினார், ஒன்றும் இல்லை. நான் பாலைவனத்தில் இருக்கிறேன். வானத்தை இங்கேயே பார்த்துக்கொள்கிறேன்.

கோல்டு ஸ்டோரில் வேலை. உறைந்த கோழிப் பெட்டிகள். உள்ளே மூச்சு வெள்ளையாகத் தெரிகிறது. வெளியே வந்தால் கண் திறக்க முடியாத வெயில். நடுவில் ஒரு ரப்பர்த் திரை. நாள் முழுக்க அந்தத் திரையைத் தாண்டுகிறேன்.

கேம்ப்புக்குப் பின்னால் பிலிப்பைன்ஸ்காரர்கள் ஒரு ரிங் நட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாஸ்கெட் பால். நான் தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்து பார்க்கிறேன். நீ ஆடுவாயா என்று ஒருவன் கேட்டான். இல்லை, பார்ப்பேன் என்றேன். சிரித்தான். படிப்பு முடிந்த பிறகும் நாம் இருவரும் சாயங்காலமானால் கல்லூரி மதிலில் போய் உட்கார்ந்தோமே, அதை நம் வீடுகளிலேயே விளக்க முடியவில்லை. அவனுக்கு எந்த மொழியில் சொல்வது.

நம் இடத்தில் இப்போது யார் உட்காருகிறார்கள்? விட்டுவிடாதே. என் பக்கத்தில் ஒரு துண்டாவது போட்டு வை.

உன்
யூனுஸ்


கீழ்வேளூர்
2.11.1995

அன்பு யூனுஸுக்கு,

எழுபத்தொன்று, அறுபத்து நான்கு. நம் பக்கம் எழுபத்தொன்று. இப்போது சுகமா?

திருச்சிக்காரர்களுடன் அரையிறுதி. நம் கோர்ட்டில். அவர்கள் தனி பஸ்ஸில் ஆள் கொண்டுவந்திருந்தார்கள். ஒருவன் கத்தினான்: “டேய் கடைமடை, தண்ணிதான் வரலை, பந்தாவது வருதாடா?” மதிலில் சிரிப்பு நின்றுவிட்டது. பொய் இல்லையே. மேட்டூர்த் தண்ணீர் இந்த வருடம் நம் வாய்க்கால்களுக்கு வரவில்லை.

அப்போது துரைராசு ஃப்ரீ த்ரோ லைனில் நின்றான். உனக்குத் தெரியும், மற்றவர்கள்போல் பந்தைத் தட்டித் தட்டிப் பார்க்கமாட்டான். வாங்கியதும் போட்டுவிடுவான். இரண்டும் உள்ளே. திரும்பி அந்தப் பையனைத் தேடிப் பிடித்து, “வந்துருச்சுண்ணே” என்றான். மரியாதையாக. ஜெக்கரியா சார் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். பி.டி. மாஸ்டர் சிரித்து நீ பார்த்திருக்கிறாயா?

டிசம்பரில் தஞ்சாவூரில் இறுதி ஆட்டம். நம் கல்லூரி இவ்வளவு தூரம் போவது இதுதான் முதல் தடவை. எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. ஆடப்போவது அவர்கள். எனக்கு என்ன?

இன்னொன்று. எழுத வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். துரைராசுவின் அப்பா இராஜாங்கம் நான் வேலை பார்க்கும் உரக்கடைக்கு வந்தார். உரம் வாங்க அல்ல. இந்த வருடம் யாரும் உரம் வாங்க வருவதில்லை. மூட்டைகளும் நானும்தான்.

“தம்பி, ஒங்க கூட்டாளி பாய் சவுதியிலதானே இருக்காரு. நம்ம பயலுக்கு ஒரு விசா கேட்டுப் பாரேன்.”

“படிப்பு முடியட்டும் சித்தப்பா.”

“நாத்தங்காலே காஞ்சு கெடக்கு. அவன் படிப்பு முடியிறதுக்குள்ள நாங்க முடிஞ்சுருவோம் போலருக்கு” என்று சிரித்தார்.

கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னேன். கேட்டாயிற்று. முடியாது என்று நீ எழுதினால் அதை அப்படியே அவரிடம் படித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்
பகலவன்


தம்மாம்
24.11.1995

அன்புள்ள பகலவா,

முடியாது என்று எழுதச் சொல்லிக் கண்ணடிக்கிறாய். இங்கிருந்தே தெரிகிறது.

நான் முதலாளியிடம் கேட்டுவிட்டேன். எங்கள் ஊர்ப் பையன், உயரம், நல்ல கை என்றேன். நல்ல கை என்றால் அவருக்கு வேறு அர்த்தம். அழைத்துக்கொள் என்றார்.

கோபப்படாமல் யோசி. நாம் அவனுக்கு இதுவரை என்ன செய்தோம்? கை தட்டினோம். தொண்டை கட்டக் கத்தினோம். பந்து மதில் தாண்டி விழுந்தால் எடுத்துக் கொடுத்தோம். ஒரு தடவையாவது அவனுக்காக ஏதாவது செய்ய என் கைக்கு வந்திருக்கிறது. எங்கள் தெருவில் ஒருவனுக்கு விசா அனுப்புவது அவன் வீட்டுக் கல்யாணத்தை நடத்தி வைப்பதுபோல. அதற்குமேல் செய்ய ஒன்றும் இல்லை.

பயப்படாதே. விசா நத்தை மாதிரி வரும். எனக்கு அரை வருடம் இழுத்தது. டிசம்பரில் ஆட்டம். கோப்பையோடு படம் எடுத்துக்கொண்டு நிதானமாக விமானம் ஏறுவான். அந்தப் படம் எனக்கு ஒன்று.

உன்
யூனுஸ்


கீழ்வேளூர்
5.1.1996

அன்பு யூனுஸுக்கு,

தந்தி கொடுத்திருக்கிறேன். அதில் சொல்ல முடியாததை இதில் எழுதுகிறேன்.

டிசம்பரில் ஆட்டம் நடக்கவில்லை. காவிரிக்காக மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளியே வந்தார்கள். நானும் கடையைப் பூட்டிவிட்டு ஸ்டேஷனில் தண்டவாளத்தில் உட்கார்ந்தேன். நம் டீமில் பாதிப்பேர் எனக்குப் பக்கத்தில்தான் இருந்தார்கள். கல்லூரிகளை மூடினார்கள். இறுதி ஆட்டம் ஜனவரி 27க்குப் போய்விட்டது. தண்ணீர் வரவில்லை.

உன் நத்தை வந்துவிட்டது. மெட்ராஸில் மெடிக்கல் முடிந்தது. பம்பாயிலிருந்து 19ஆம் தேதி விமானம் என்று ஏஜெண்ட் சொல்கிறான். ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால், யூனுஸ். எட்டு நாள்.

நேற்று துரைராசு கடைக்கு வந்தான். மூட்டைமேல் உட்கார்ந்தான். “அண்ணே, பாய்க்கு நீங்க ஒரு வார்த்த எழுதுங்கண்ணே. ஆடிட்டுப் போயிடுறேன்.”

“வீட்ல என்ன சொல்றாங்க?”

“கெடச்சதக் கெடுத்துக்காதன்னு அம்மா அழுவுது.”

காளியம்மாள் சித்தி அழுது நான் பார்த்ததில்லை. ஜெக்கரியா சாரிடமும் சொல்லிவிட்டானாம். “போய்ட்டு வாடா” என்றாராம். பிறகு காற்று நிறைந்த பந்துக்கே காற்று அடித்துக்கொண்டிருந்தாராம்.

தள்ளிப்போட ஏதாவது செய்.

பகலவன்


தம்மாம்
12.1.1996

அன்புள்ள பகலவா,

தந்தி கிடைத்த அன்றே ஆபீசுக்குப் போனேன். கிளார்க் மலையாளி. “பாஸ்கெட் பாலோ?” என்று இரண்டு தடவை கேட்டார். யாராவது செத்துவிட்டதாகச் சொல், கேட்டுப் பார்க்கிறேன் என்றார். அவன் அப்பாவைச் சாகடிக்க எனக்கு வாய் வரவில்லை. வந்திருந்தால் ஒருவேளை.

பம்பாயிலிருந்து பன்னிரண்டு பேர் ஒரே டிக்கெட்டில் வருகிறார்கள். வராதவனுக்குப் பதில் வேறு ஆள் அங்கேயே காத்திருக்கிறான். அவ்வளவுதான். உள்ளே தள்ளிவிட்ட பிறகு நிறுத்துவதற்கு இதில் எங்கேயும் பிடி இல்லை.

உன் வீட்டுக்கு எதிரில் இருக்கும் எஸ்.டி.டி. பூத்துக்கு இரண்டு தடவை போன் செய்தேன். நீ இல்லை என்றார்கள். இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்றும் தெரியவில்லை.

நீ என்னைத் திட்டி எழுது.

யூனுஸ்


கீழ்வேளூர்
29.1.1996

யூனுஸ்,

அறுபது, ஐம்பத்தெட்டு. நம் பக்கம் ஐம்பத்தெட்டு.

நெல் ஏற்றும் லாரியில் போனோம். ஏற்ற நெல் இல்லாததால் ரெத்தினம் முதலியார் வாடகை வேண்டாம் என்றார். போகும்போது தஞ்சாவூர்வரை பாட்டு.

அஹமது கபீரை உனக்கு ஞாபகம் இருக்கும். இரண்டாம் வருடம். துரைராசுவுக்குப் பந்து கொடுத்தே வளர்ந்தவன். கடைசி நிமிடம் பந்தோடு வந்தான். இரண்டு பேர் மறித்தார்கள். திரும்பிப் பார்க்காமல் இடது மூலைக்குத் தள்ளினான். அங்கே ஒருவன் எப்போதும் நிற்பான்.

பந்து கோட்டுக்கு வெளியே போயிற்று. மெதுவாகத்தான் போன மாதிரி இருந்தது.

யாரும் கபீரைத் திட்டவில்லை. சார்கூடத் திட்டவில்லை. அவன் அந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

உன்னைத் திட்டச் சொல்லியிருக்கிறாய். விசாவைக் கேட்டு எழுதியவன் நான். இரண்டு பேரும் நல்லதுதான் செய்தோம். திட்ட ஆள் இல்லாமல் ஒரு தோல்வி.

பகலவன்


தம்மாம்
22.3.1996

அன்புள்ள பகலவா,

துரைராசு என் அறையில்தான் இருக்கிறான். என் கட்டிலுக்கு மேல் கட்டில். மதிலிலிருந்து ஆளைப் பார்த்தே பழகிவிட்டது எனக்கு. அவன் துவைத்த ஜட்டி என் முகத்துக்கு நேரே தொங்கும்போது எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

வேலை நன்றாகச் செய்கிறான். ஃபோர்மேன் இரண்டு தடவை பாராட்டினார்.

வந்த முதல் வெள்ளிக்கிழமை தொட்டிப் பக்கம் கூட்டிப் போனேன். ஒரு பிலிப்பைன்ஸ்காரன் அவன் உயரத்தைப் பார்த்ததுமே பந்தை எறிந்தான். துரைராசு பிடித்தான். பிடித்த விதத்திலேயே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஆடிக்கொண்டிருந்த எல்லோரும் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். இவன் பந்தைத் தரையில் உருட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டு, “நோ, நோ ப்ளே” என்றான்.

ஏண்டா என்றேன்.

“கை வீங்கும்ணே. வீங்குனா நாளைக்கிப் பெட்டி தூக்க முடியாது.”

குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். வெள்ளிக்கிழமைகளில் தூங்குகிறான். நானும் இப்போது தொட்டிப் பக்கம் போவதில்லை.

நீ எழுதி வெகுநாள் ஆகிறது. வானத்தைப் பற்றியாவது எழுது.

உன்
யூனுஸ்


கீழ்வேளூர்
20.8.1996

அன்பு யூனுஸுக்கு,

இராஜாங்கம் சித்தப்பா வீட்டுக்கு ஓடு போட்டாயிற்று. என்னைப் பார்த்தால் சைக்கிளைவிட்டு இறங்குகிறார். எனக்குக் கூசுகிறது.

பயிற்சி தொடங்கிவிட்டது. போனேன். மதிலில் நம் இடத்தில் அப்பாக்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். வேடிக்கை பார்க்க அல்ல. “வாங்க தம்பி, இங்க ஒக்காருங்க” என்று ஒருவர் துண்டால் தூசி தட்டிக் கொடுத்தார். அவர் மகன் புதிதாகச் சேர்ந்தவன். எல்லோருக்கும் ஒரே கேள்விதான். “ஒங்க கூட்டாளி இன்னும் ஆள் எடுக்குறாரா?”

கோர்ட்டில் அதைவிட மோசம். கபீர் பந்தோடு வரும்போது முதலில் மதிலைப் பார்க்கிறான். பிறகுதான் ரிங்கை. நான் பார்க்கிறேனா என்று தெரிந்துகொள்ள. நேற்று அப்படிப் பார்த்ததில் கையிலிருந்த பந்து போயிற்று. நன்றாக ஆடினால் விசா வரும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். பொய் என்று நான் எப்படிச் சொல்வது? ஒருவனுக்கு அப்படித்தானே வந்தது.

“தம்பி, நீ கொஞ்ச நாளைக்கி இந்தப் பக்கம் வராம இருக்கியா?” என்று ஜெக்கரியா சார் கேட்டார். கெஞ்சுகிற மாதிரி கேட்டார்.

இனிப் போகமாட்டேன். போய்த்தான் என்ன. நான் பார்த்தால் அது ஆட்டமாக இருப்பதில்லை.

இந்த உறையில் பாஸ்போர்ட் நகல்கள், போட்டோ ஒட்டி வைத்திருக்கிறேன். கபீர். இன்னும் இரண்டு ஆட்டக்காரர்கள். அவர்கள் அப்பாக்களிடம் என்னால் மறுக்க முடியவில்லை. உன்னால் முடிந்தால் நீ மறுத்துக்கொள். நான்காவது என்னுடையது. கடையில் பாதி நாள்தான் வேலை என்று முதலாளி சொல்லிவிட்டார். அதுவும் தீபாவளிவரைக்கும்தான். எனக்கு உயரம் இல்லை. மூட்டை தூக்கிப் பழக்கம் இருக்கிறது.

செப்டம்பர் 21 சனிக்கிழமை முதல் ஆட்டம். உனக்குத் தெரியவேண்டும் என்று எழுதுகிறேன்.

அன்புடன்
பகலவன்


தம்மாம்
13.9.1996

அன்புள்ள பகலவா,

மூன்று நகல்களையும் முதலாளியிடம் கொடுத்துவிட்டேன். மறுக்க எனக்கும் வரவில்லை.

உன்னுடையதைக் கொடுக்கவில்லை.

கோபப்படுமுன் கொஞ்சம் கேள். உன் படத்தைத் துரைராசுவிடம் காட்டினேன். “அண்ணனும் வருதா?” என்றான். படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டான். நீ வந்தால் இங்கே மூன்றாவது கட்டிலில் படுப்பாய். அப்புறம் அங்கே யார்? இந்த வெயிலில் எனக்கு இருப்பது ஒன்றுதான். இந்நேரம் பகலவன் மதிலில் இருப்பான், யாராவது போட்டிருப்பார்கள், எழுதுவான். ஒரு மாதம் கழித்து வந்தாலும் அது அன்றைக்கு நடந்த ஆட்டம்தான் எனக்கு. நீயும் வந்துவிட்டால் எனக்குக் கடிதம் எழுத ஊரில் ஆளே இல்லை.

சார் சொன்னதைப் பொருட்படுத்தாதே. தூரமாக நின்றாவது பார். கடை போனால் வேறு வேலை கிடைக்கும். நீ படித்தவன்.

சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போய்விட்டு விவரமாக எழுது. யார் யார் எத்தனை. எவ்வளவு நீளமாக இருந்தாலும் சரி.

உன்
யூனுஸ்


கீழ்வேளூர்
4.10.1996

திரு. யூனுஸ் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் கடிதம் கிடைத்தது. உரக்கடையைத் தீபாவளிவரைகூட வைக்கவில்லை. மூடிவிட்டார்கள்.

21ஆம் தேதி ஆட்டம் நடந்தது. அன்று சாயங்காலம் நான் ரயிலில் திருவாரூர் போய்க்கொண்டிருந்தேன், ஒரு ஏஜெண்டைப் பார்க்க. கல்லூரிக்குப் பின்னால் ரயில் மெதுவாகத்தான் போகும். ஜன்னலோரம் இடம் கிடைத்திருந்தது. திடீரென்று பெரிய சத்தம் கேட்டது. நம் பக்கமா, வந்தவர்கள் பக்கமா, தெரியவில்லை. நான் தலையைத் திருப்பவில்லை.

என் பாஸ்போர்ட் நகலைத் திருப்பி அனுப்பவும். அதில் ஒட்டியிருக்கும் போட்டோ வேறு இடத்துக்குத் தேவைப்படுகிறது.

இப்படிக்கு
இரா. பகலவன்