கற்பனை சுடுமா?

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

தொண்டைக்கட்டு விட்டதா? கணக்கு வகுப்பில் கத்தாதே. புரியாதவனுக்கு உரக்கச் சொன்னாலும் புரியாது. நான் நலம்.

செவ்வாயன்று மோட்டார் அறையில் கொஞ்சம் புகை. பயப்படாதே, தீ இல்லை. கேபிளைத் தொட்டுப் பார்த்ததில் விரலில் சின்னக் கொப்புளம், அதனால்தான் எழுத்து கோணல். அந்தக் கேபிளுக்குக் கணக்குப் போட்ட சூப்பர்வைசரைக் கேட்டேன்.

"வேலை செய்யற மின்சாரம் மூணு பங்கு சார். இன்னொரு நாலு பங்குக்குப் பக்கத்துல 'கற்பனை'ன்னு போட்டிருந்தது. இல்லாததுக்கு எதுக்குக் கேபிள்னு விட்டுட்டேன்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு உன் கலப்பெண் பாடத்தை எடுத்தேன்: மெய்ப்பகுதி ஒன்று, கற்பனைப் பகுதி ஒன்று, இரண்டும் சேர்ந்தால்தான் முழு எண். மோட்டாருக்குள் காந்தம் உண்டாக்கப் போய்வரும் மின்சாரம்தான் அந்தக் 'கற்பனை'. வேலை செய்யாது, ஆனால் கேபிள் வழியாகத்தான் போய்வரும். இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்து, அதனால் பிதாகரஸ் கணக்கில் மூன்றும் நாலும் சேர்ந்தால் ஐந்து. மூன்றைச் சுமக்க வாங்கிய கேபிள் ஐந்தைச் சுமந்தால் சுடாமல் என்ன செய்யும்? மோட்டார் பக்கத்திலேயே கெபாசிட்டர் மாட்டினேன். அந்த நாலு பங்கு இப்போது கேபிளில் ஏறாமல் அங்கேயே சுற்றிக்கொள்கிறது. கேபிள் குளிர்ந்துவிட்டது. எனக்குப் பெயர் 'கற்பனை சார்' என்றாகிவிட்டது.

கலப்பெண் பாடக்குறிப்பை உன் கையெழுத்திலேயே எழுதி அனுப்பு, சூப்பர்வைசருக்குத்தான். ஓரத்தில் வேறு ஏதாவது எழுதியிருந்தால் அதைக் கிழித்து வைத்துக்கொண்டுதான் கொடுப்பேன். உன் தலையணை உறை ஒன்றும் சேர்த்து வை, துவைக்க வேண்டாம்.

கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது. மேலே 'நான் நலம்' என்று எழுதினேனே, அது மெய்ப்பகுதி மட்டும். மீதியை நீயும் விட்டுவிடாதே.

உன்னவன்