தபாலில் வந்த பிழைகள்

சேசு மரி சூசை துணை

தத்தோ கெராமாட் ரோடு, பினாங்கு
12.3.1995

அன்புத் தம்பி பால்ராஜுக்கு,

சௌக்கியமா என்று கேட்க மாட்டேன். உடம்புக்கு வந்தால்தான் உனக்கு அக்கா ஞாபகம் வரும். இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை, ஆகவே நீ நன்றாக இருக்கிறாய்.

ஒரு செய்தி. சிரிக்கக் கூடாது. நாற்பத்தொரு வயதில் நான் காலேஜில் சேர்ந்திருக்கிறேன். உங்கள் கோலாலம்பூர் காலேஜ்தான், தபால் வழிப் படிப்பு. சி பிளஸ் பிளஸ் என்ற கம்ப்யூட்டர் மொழி. ஏன் இந்த வேலை என்று கேட்பாய். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் பத்தொன்பது வருஷமாக மைக்ராஸ்கோப்பில் சிப் பார்த்த கண்ணுக்கு இப்போது ஒரு கம்பி இரண்டாகத் தெரிகிறது. டிசம்பரில் கம்பெனி டாக்டர் மறுபடி பார்ப்பார். அவர் வேண்டாம் என்றால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். சூப்பர்வைசர் லாரன்ஸ் நல்ல மனுஷர். "அக்கா, டெஸ்ட் புரோகிராம் எழுதற செக்‌ஷன்ல ஒரு இடம் வருது லா. அங்க மைக்ராஸ்கோப் கிடையாது. சர்டிபிகேட் மட்டும் கொண்டாங்க, நான் உங்க பேரக் கொடுக்கிறேன்" என்றார்.

பாடம் புரிகிறது, தம்பி. கிளாஸ், ஆப்ஜெக்ட் என்று பயமுறுத்துகிறார்கள். நாம் கிறிஸ்துமஸுக்குச் சுடும் அச்சுமுறுக்குதான். கிளாஸ் என்பது பித்தளை அச்சு. அதிலிருந்து எண்ணெயில் விழும் ஒவ்வொரு முறுக்கும் ஒரு ஆப்ஜெக்ட். அவ்வளவுதானே?

தொல்லை என்னவென்றால் கம்ப்யூட்டர் இல்லை. பினாங்கில் மையம் திறப்போம் என்று காலேஜ் சொன்னதோடு சரி. ஆகவே நான் தாளில் எழுதி, கார்பன் வைத்து ஒரு நகல் எடுத்துக்கொண்டு, உனக்கு அனுப்புகிறேன். நீ வேலை பார்க்கும் பேங்க் மெஷினில் அப்படியே தட்டச்சு செய்து, அது என்ன சொல்கிறதோ அதை அச்சடித்து அனுப்பு. எங்கள் லைனில் உள்ள முறைதான். பழுதான சிப்பைக் கண்டால் நான் கை வைக்க மாட்டேன். சிவப்புப் புள்ளி வைத்து, செய்தவளிடமே திருப்பி அனுப்புவேன். நீயும் அப்படியே செய்.

உன் அக்கா,
அன்னமேரி

---

பெட்டாலிங் ஜெயா
24.3.1995

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி பால்ராஜ் எழுதுவது. சிரிக்கவில்லை. கொஞ்சம்தான் சிரித்தேன், அதுவும் சந்தோஷத்தில். அச்சுமுறுக்கு விளக்கத்தை எங்கள் ஆபீஸில் சொன்னேன். எங்கள் மேனேஜருக்கே அவ்வளவு தெளிவாகச் சொல்ல வராது.

உங்கள் புரோகிராமை அடித்துப் பார்த்துவிட்டேன். தாள் இத்துடன். கடைசி வரியைப் பாருங்கள். பிழை சைபர்! முதல் தடவையே இப்படி வருவது அபூர்வம்.

கண்ணுக்கு மருந்து விடுகிறீர்களா? ஓவர்டைம் செய்ய வேண்டாம். அடுத்ததை அனுப்புங்கள்.

தங்கள் அன்புத் தம்பி,
பால்ராஜ்

---

சேசு மரி சூசை துணை

பினாங்கு
30.7.1995

அன்புத் தம்பிக்கு,

புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவுக்கும் நீ வரவில்லை. என் பெயர்கொண்ட அம்மாளுக்கு நான் ஒருத்தியே மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, ஃபெரி பிடித்துத் திரும்பினேன். உனக்காகவும் ஒன்று ஏற்றினேன். ஏற்றியிருக்க வேண்டாம்தான்.

கோபம் அதோடு சரி. மூன்றாவது புரோகிராமும் பிழை சைபர்! நீ அனுப்பிய தாளையே காலேஜுக்கு அனுப்பினேன். நூற்றுக்கு எண்பத்திரண்டு போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். நம் குடும்பத்தில் யாரும் கணக்கில்கூட இத்தனை வாங்கியதில்லை. லாரன்ஸ் அந்தத் தாளை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார். எனக்குக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் தண்ணீர் குடிக்கப் போகும் சாக்கில் நாலு தடவை அந்தப் பக்கம் போய் வந்தேன்.

பக்கத்து இருக்கை நூர்ஜானுக்கு நான் இப்போது டீச்சர். பாடத்தில் வரும் பிரைவேட் என்றால் என்ன என்று கேட்டாள். உன் லாக்கர்தான், சாவி உன்னிடம், உள்ளே இருப்பது வேண்டுமென்றால் உன்னிடம் கேட்டுத்தான் வாங்கவேண்டும் என்றேன். "அடியம்மா, இவ்ளோதானா? அக்கா, நீங்க ஆபீஸ் போயிட்டா எங்கள மறந்துராதீங்க லா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

வலது கண்ணில் மட்டும் இப்போது ஓரத்தில் ஒரு மங்கல் நிற்கிறது. நோட்ஸின் சின்ன எழுத்துகள் தெரியவில்லை, உத்தேசமாகப் படிக்கிறேன். பரவாயில்லை. அக்டோபர் ஏழில் டவுனில் ஒரு ஹாலில் செய்முறைப் பரீட்சை. மூன்று மணி நேரம், மெஷின் முன்னால். அதில் தேறினால் சர்டிபிகேட். நாலாவது புரோகிராம் இத்துடன்.

அக்கா

---

பெட்டாலிங் ஜெயா
14.8.1995

அன்புள்ள அக்காவுக்கு,

நாலாவது தாள் இத்துடன். பிழை சைபர்.

ஒரு வேண்டுகோள். பரீட்சைக்கு முன்னால் ஒரு வாரம் லீவு போட்டு இங்கே வாருங்கள். பேங்கில் கேட்டு உங்களை மெஷினில் உட்கார வைக்கிறேன். தாளில் எழுதுவது வேறு, நேரில் உட்காருவது வேறு. உங்களிடம் நேரில் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. கடிதத்தில் எழுத வரவில்லை. பஸ் டிக்கெட்டை நானே எடுத்து அனுப்புகிறேன். கட்டாயம் வாருங்கள், அக்கா.

பால்ராஜ்

---

சேசு மரி சூசை துணை

பினாங்கு
9.10.1995

அன்புத் தம்பிக்கு,

லீவு கேட்டேன், கொடுக்கவில்லை. கேட்ட வேளை சரியில்லை என்று அப்போதே எழுதியிருந்தேன். அது போகட்டும்.

நான் தேறவில்லை, பால்ராஜ்.

கேள்வி சுலபம். வாகனம் என்று ஒரு கிளாஸ், அதன் பிள்ளையாக லாரி என்று இன்னொன்று. ஒன்றரை மணி நேரத்தில் அடித்து முடித்தேன். பக்கத்துப் பையன் இன்னும் விழித்துக்கொண்டிருந்தான், பாவம் என்று நினைத்தேன். பட்டனை அழுத்தினேன். முப்பத்தேழு பிழை என்றது. திரை முழுக்க வரி வரியாக ஏதேதோ ஓடியது. ஒரு வரிகூட எனக்குப் புரியவில்லை. பிழை என்றால் எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததே இல்லையே! எங்கே தொடுவது, எதை மாற்றுவது? ஒன்றை அழித்தேன், முப்பத்தொன்பது ஆனது. மணி அடிக்கும்வரை கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிலுவை போட்டுக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். உன் மெஷினில் நாலு தடவை சைபர் வந்த கை, அங்கே முப்பத்தேழு எப்படி வரும்? அந்த மெஷினில்தான் கோளாறு. காலேஜுக்குப் புகார் எழுதிவிட்டேன். நீ அனுப்பிய நாலு தாளும் சாட்சி. லாரன்ஸ் கையெழுத்துப் போட்டுவிட்டார். புரோகிராம்களை நான் எழுதியபடியே அடித்தவன் நீ என்று உன் கையெழுத்தும் வேண்டும். காகிதம் இத்துடன். தாமதிக்காதே. மறுபரீட்சைக்கு அவர்கள் சம்மதித்தால் டிசம்பருக்குள் முடித்துவிடலாம்.

அக்கா

---

பெட்டாலிங் ஜெயா
13.10.1995

அன்புள்ள அக்காவுக்கு,

காகிதத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. போட முடியாது. அந்த மெஷினில் கோளாறு இல்லை, அக்கா. குற்றம் என்னுடையது.

மார்ச்சில் வந்த முதல் புரோகிராமில் பதினோரு பிழை இருந்தது. சொன்னபடி அப்படியே அச்சடித்துக் கவரிலும் போட்டேன். முகவரி எழுதும்போது கை ஓடவில்லை. நான் படித்ததே நீங்கள் இரண்டு ஷிப்ட் பார்த்ததால்தான். அந்தக் கண்ணுக்குப் பதினோரு பிழையை எப்படி அனுப்புவது? இந்த ஒரு தடவை மட்டும் என்று திருத்தி அனுப்பினேன். அடுத்ததில் பத்தொன்பது. அப்போது உண்மையைச் சொன்னால் முந்தியது பொய் என்று ஆகிவிடும். அதையும் திருத்தினேன். பிறகு எண்பத்திரண்டு மார்க், நோட்டீஸ் போர்டு, நூர்ஜான் என்று நீங்கள் எழுத எழுத எனக்கு வாய் திறக்க வழியே இல்லாமல் போய்விட்டது.

அச்சுமுறுக்கை அவ்வளவு அழகாகச் சொன்னீர்கள். ஆனால் புரோகிராமில் அச்சைச் செய்துவிட்டு, முறுக்குச் சுடாமலே ருசி கேட்டீர்கள். நாலிலும் அதே தவறு. நாலு தடவையும் ஆப்ஜெக்டை நான்தான் உண்டாக்கினேன். கிளாஸின் முடிவில் வைக்கவேண்டிய குறியையும் நான்தான் வைத்தேன். உங்கள் நோட்ஸில் அது மங்கலாக விழுந்திருக்கும், உங்கள் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. ஒரு வரி எழுதிக் கேட்டிருந்தால் போதும். நான் கேட்கவில்லை.

அந்தப் புகாரை அனுப்பிவிடாதீர்கள். என்னை என்ன சொன்னாலும் சரி.

பால்ராஜ்

---

பினாங்கு
26.11.1995

பால்ராஜுக்கு,

புகாரைக் கிழித்துவிட்டேன். லாரன்ஸிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் நோட்டீஸ் போர்டிலிருந்து தாளை எடுத்து என் கையில் கொடுத்தார். டெஸ்ட் புரோகிராம் எழுதும் அந்த வேலையைத் தாசேக் கெலுகோரிலிருந்து வரும் பெண் ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். டாக்டர் முன்கூட்டியே பார்த்தார். டிசம்பர் முப்பதோடு எனக்கு வேலை இல்லை.

போன ஞாயிறு பூசை முடிந்து நூர்ஜானை வீட்டுக்கு வரச் சொன்னேன். நீ அடித்த தாளை அவள் எழுத்து எழுத்தாக வாசித்தாள். நான் பூதக்கண்ணாடி வைத்து என் கார்பன் நகலைப் பார்த்தேன். மாறின இடத்திலெல்லாம் சிவப்புப் புள்ளி வைத்தேன். நாலு தாளிலும் சேர்த்து எழுபத்தெட்டு. ஒரு கட்டத்தில் நூர்ஜான், "போதும் அக்கா, விட்டுருங்க லா" என்று அழுதாள். உன் தாள்களை உனக்கே திருப்பி அனுப்புகிறேன்.

உனக்கு என்மேல் பாசம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஏழு மாதம் நான் முட்டாளாக இருப்பதை நீ பார்த்துக்கொண்டிருந்தாய். பதினோரு பிழையை என்னால் தாங்கியிருக்க முடியும், பால்ராஜ். பத்தொன்பது வருஷமாகப் பிழை பார்ப்பதுதானே என் வேலை?

அந்தப் பரீட்சைக் கேள்வியை மறுபடி எழுதியிருக்கிறேன். இத்துடன். இதனால் இனி ஒன்றும் ஆகப்போவதில்லை. இருந்தாலும் என் பிழை எப்படி இருக்கும் என்று ஒரு தடவை பார்க்கவேண்டும். நான் எழுதியதை எழுதியபடியே அடி. வேறொன்றும் எழுதவேண்டாம்.

அன்னமேரி

---

பெட்டாலிங் ஜெயா
16.12.1995

அன்புள்ள அக்காவுக்கு,

வேறொன்றும் எழுதவேண்டாம் என்றீர்கள். கிறிஸ்துமஸுக்கு வரட்டுமா என்று கேட்டு எழுதிய இரண்டு கடிதத்துக்கும் பதில் வரவில்லை, அதனால் அதை இனிக் கேட்கவில்லை.

நீங்கள் எழுதியபடியே அடித்தேன். ஒரு புள்ளிகூட மாற்றவில்லை. பிழை இருபத்திமூன்று. லாரி கிளாஸிலிருந்து ஆப்ஜெக்டை இந்தத் தடவை நீங்களே உண்டாக்கியிருக்கிறீர்கள். அந்த வரியில் பிழை இல்லை.

எங்கள் பிரிண்டரில் எழுத்து மிகச் சின்னதாகத்தான் விழும். உங்களால் படிக்க முடியாது. ஆகவே இருபத்திமூன்று பிழையையும் கறுப்பு மார்க்கரில் பெரிய எழுத்தாகக் கையால் எழுதியிருக்கிறேன், ஒரு தாளுக்கு ஒன்று. மெஷின் சொன்னது என்னவோ அதுதான். ஒன்றையும் திருத்தவில்லை, அக்கா.

பால்ராஜ்