சூடத்தை அணைக்காத கை

ஆடிச் செவ்வாய், இரவு. நாவலப்பிட்டி.

மாலைப் பூசை முடிந்ததும் நகரசபை உறுப்பினர் மாரியம்மன் சன்னிதியில் சூடம் ஏற்றினார். அடுத்த வாரம் தேர்தல். அவருக்கே ஓட்டு என்று ஒவ்வொருவரும் சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டுமாம். ஓட்டு இரகசியமானது என்கிறது சட்டம். அம்மனுக்கு அதை யாரும் அறிவிக்கவில்லை போலும்.

நான் ஓட்டுப் போடப்போவது அவரை எதிர்த்து நிற்கும் ஆசிரியைக்கு. என் கடையோ நகரசபைக் கட்டடத்தில் இருக்கிறது. சாமி இல்லை என்று ஊரெல்லாம் பேசித் திரிபவன், சும்மா ஒரு தட்டுத் தட்டிவிட்டு வந்திருக்கலாம். என் முறை வந்தபோது கை எழவில்லை.

"கையில சுடுதண்ணி கொட்டிருச்சுங்க," என்று கையை வேட்டி மடிப்பில் ஒளித்தேன்.

உறுப்பினர் சிரித்தார். "பரவால்ல முதலாளி. வெள்ளிக்கிழமைக்குள்ள ஆறிரும். ஒங்களுக்குன்னு தனியா ஒரு சூடம் ஏத்துறேன், வாங்க."

வீட்டில் மனைவி பிடித்துக்கொண்டாள். "ஒங்களுக்குத்தான் சாமியே இல்லியே? அணைச்சுட்டு வந்தா என்னவாம்? நாளைக்கே கடைய மூடுன்னு வந்து நின்னா என்னா செய்வீங்க?"

நாளை கடையில் அவருடைய ஆட்கள் பார்ப்பார்கள் என்பதால், நல்ல கைக்குத் துணி சுற்றிவிடச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே சுற்றிவிட்டாள். அந்தக் கையால்தான் இதை எழுதுகிறேன்.

பொய்ச் சத்தியத்துக்குப் பயந்து, அம்மன் முன்னாலேயே பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

ஒரு மணி நேரமாக உள்ளங்கை எரிகிறது. துணியை அவிழ்த்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை.