முகர்ந்து வைத்த ஆப்பிள்

அன்பு மாப்பிள்ளை பலராமனுக்கு,

நீ போனபின் ஒரு மல்லாட்டை அறுவடை முடிந்துவிட்டது. கடலை விளைச்சல் பரவாயில்லை. திண்டிவனத்தில் உன் ஸ்டுடியோவை என் தங்கச்சிதான் திறக்கிறாள். பாஸ்போர்ட் படம்கூட எடுக்கிறாள். அவள் எடுக்கிற படத்தில் எல்லோரும் முறைத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

இப்போது எழுதக் காரணம், டில்லியிலிருந்து ஒருவர் வந்தார். வெளிநாட்டு டெலிவிஷனுக்காக. நீ எடுத்த டாகுமெண்டரியிலிருந்து வெட்டிய துண்டு வேண்டுமாம். அவருக்கு யார் சொன்னார்களோ?

யாரையும் உள்ளே விடாத அந்தக் கம்யூனிஸ்ட் நாட்டின் பெயரை இங்கே எழுதவில்லை. நீ கேமராவோடு போன டாகுமெண்டரிக் குழுவுக்கு, காட்ட நினைத்ததை மட்டும் அங்கே காட்டினார்கள். ஊர் திரும்பியதும் என் மண்டிச் சுவரில் வேட்டியைக் கட்டிப் படத்தை ஓட்டினாய். ஒரு கடை, அடுக்கடுக்காக ஆப்பிள். ஒரு பெண் சிரித்துக்கொண்டே வாங்குகிறாள்.

"இன்னா மாப்ள, பேரமும் பேசல, அழுகலான்னு திருப்பியும் பாக்கல. இவ வாங்க வந்தவளே இல்ல" என்றேன்.

"இரு மச்சான், இன்னும் ஓடிக்கினு இருக்குது பாரு" என்றாய்.

கல்யாண வீட்டில் நீ செய்கிற வேலைதான். 'போதும்' என்றதும் கேமராவிலிருந்து கண்ணை எடுத்துவிடுவாய், பொத்தானிலிருந்து விரலை எடுக்கமாட்டாய். பெண்ணின் நிஜ முகம் அப்புறம்தான் வரும் என்பாய்.

அங்கேயும் வந்தது. அதிகாரி போதும் என்று கைகாட்டியதும் அவள் வாங்கிய ஆப்பிள்களைப் பையிலிருந்து எடுத்து மறுபடி கடையிலேயே அடுக்கினாள். கடைசிப் பழத்தை மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டு வைத்தாள்.

மறுநாளே அந்த இடத்தை வெட்டி என்னிடம் கொடுத்தாய். "அவ மூஞ்சி நல்லா தெரியுது மச்சான். இது வெளிய வந்தா அவளத்தான் புடிப்பாங்க."

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு ஆசை வந்தது. உலகம் முழுக்க உன் பெயர் வரும் என்றார் டில்லிக்காரர். கல்யாணக் கேமராக்காரன்தானே என்று உன்னை இளக்காரமாகப் பேசியவர்கள் வாயை அடைக்கலாம். தங்கச்சியைக் கேட்டேன்.

"பேரு வந்தா அவரு எய்ந்து வந்துடப் போறாராண்ணா? அந்தப் பொண்ணு இன்னும் அங்கதான இருக்குது?"

டில்லிக்காரரை விழுப்புரத்தில் ரயிலேற்றிவிட்டேன். வறுத்த மல்லாட்டைப் பொட்டலம் மட்டும் அவர் கையில்.

அவள் அதே கடையில்தான் நிற்கிறாளா? அப்புறம் ஒரு பழமாவது தின்றிருப்பாளா?

மாப்பிள்ளை, அந்தத் துண்டு என்னிடமே இருக்கும். அந்த ஊரில் ஒரு பெண் பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, விலை கட்டாது என்று கடைக்காரனோடு சண்டை போடுகிறாள் என்று என்றைக்குக் கேள்விப்படுகிறேனோ, அன்றைக்கு மண்டிச் சுவரில் வேட்டியைக் கட்டி நானே ஓட்டுகிறேன்.

உன் வீட்டுக்காரிக்கு அண்ணன், உனக்கு எப்போதும் மச்சான்,
கோவிந்தசாமி