முகமில்லாத பத்துப் பேர்

ஒக்டோபர் 3, வியாழன்

முழங்காலுக்கு எண்ணெய் தடவக்கூட இன்று நேரமில்லை. காலையிலிருந்து ஜன்னலோரம் நிற்கிறேன், என்னை வரைகிற என் பேத்தி ஷஹ்மாவின் கட்டளை. அசையக் கூடாதாம். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்த மணம் வருகிறது, அப்போதும் அசையக் கூடாதாம்.

கண்டியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. உடுப்பு வடிவமைக்கப் படிப்பிக்கும் இடம். நவம்பர் 6 நேர்முகப் பரீட்சை. ஆட்களைப் பார்த்து வரைந்த படம் பத்து கொண்டுபோக வேண்டும். எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள், எடுப்பது இருபது பேரைத்தான். எடுக்கட்டும். ஏ.எல். பரீட்சையில் சித்திரத்துக்கு ஏ எடுத்த பிள்ளை. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அவளுடைய பெறுபேற்றுத் தாளை எழுத்துக்கூட்டி மூன்று தரம் வாசித்திருக்கிறேன்.

என் மகன் றவூப் கடிதத்தை வாசித்தான், மடித்துச் சீனிப் போத்தலுக்குக் கீழே வைத்தான், கடைக்கு இறங்கிப் போனான். வீடு மேலே, துணிக்கடை கீழே. கோபம் வந்தால் அவனுக்குப் பதினான்கு படி இருக்கிறது.

ஒக்டோபர் 4

ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து, சாப்பாட்டில் கை வைத்த பிறகுதான் வாயைத் திறந்தான். மார்க்கத்தை நினைத்தால், உயிருள்ள ஆளை முகத்தோடு வரைந்து வீட்டில் வைக்க அவனுக்கு மனம் வரவில்லை. படிப்பு வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பிள்ளை தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், ஒரு பருக்கை போகவில்லை.

நான்தான் கேட்டேன். கடை வாசலில் தலையில்லாத பொம்மை பதினொன்று நிற்கிறதே, அதற்கெல்லாம் சல்வார் போட்டுவிட்டவன் யார்?

கொஞ்ச நேரம் மென்றான். "சரி உம்மா. மொகம் வரயாம எத வேணுமெண்டாலும் வரயட்டும்."

வென்றேன் என்று நினைத்தேன். ஷஹ்மா முகத்தில் மட்டும் வெளிச்சமில்லை. முகமில்லாத ஆளை அங்கே ஏற்பார்களா?

ஒக்டோபர் 8

ஒரு மனிதனைத் தாளில் தொடங்க இத்தனை வழி இருக்கிறது என்று எனக்கு இந்த வயதில்தான் தெரிகிறது.

போன் வீடியோவில் ஒருவர் முட்டை வரைந்து தொடங்குகிறார். தலை முட்டை, நெஞ்சு பெரிய முட்டை, இடுப்பு இன்னொன்று. ஷஹ்மாவும் அப்படித்தான் பழகியவள். ஆனால் முட்டை போட்டதும் கை தானாகக் கண்ணுக்குப் போய்விடுகிறது. அழிக்கிறாள், திரும்பப் போகிறது, அழிக்கிறாள். தாளில் ஓட்டை.

பிறகு எலும்பு மாதிரிக் குச்சிக்கோடு. கொடிக்கம்பம் நின்றது. பிறகு பென்சிலைத் தூக்காமல் ஆளைச் சுற்றி வெளிக்கோடு. இடியப்ப மாவு வழிந்த மாதிரி வந்தது.

அத்திவாரம் போட்டுத்தானே வீடு கட்டுகிறோம், காலிலிருந்து தொடங்கு என்று நான் சொன்னேன். கேட்டாள் பாவம். கால் வந்தது, இடுப்பு வந்தது, தோள் வந்தது, தாள் முடிந்துவிட்டது. தலைக்கு இடமில்லை. வாப்பாவின் பிரச்சினை தீர்ந்தது என்றேன். அவள் சிரிக்கவில்லை.

இனி ஆலோசனை சொல்ல மாட்டேன்.

ஒக்டோபர் 11

பக்கத்து வீட்டு றம்லத் வந்தாள். அவளுடைய பேரன் பவாஸ் பேராதனையில் டொக்டருக்குப் படிக்கிறான். அதைச் சொல்லாமல் அவளால் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது.

மேசையில் கிடந்த படங்களைத் தூக்கிப் பார்த்தாள். "இது ஆரு பாயிஸா றாத்தா, ஒங்கட கடப் பொம்மயா?"

ஷஹ்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன சொன்னேன் தெரியுமா? பிள்ளையைக் கண்டியில் எடுத்தாகிவிட்டது என்று சொல்லிவிட்டேன். நேர்முகப் பரீட்சைக்கே இன்னும் போகவில்லை. அல்லாஹ் மன்னிக்கட்டும்.

றம்லத் சொன்னதில் பிழையும் இல்லை. அதுதான் சுடுகிறது. எல்லாம் பொம்மைதான். உடுப்பு மாட்டலாம், உயிர் இல்லை.

ஒக்டோபர் 15

இன்னும் ஒரு படமும் தேறவில்லை.

ஒக்டோபர் 20, ஞாயிறு

தூக்கம் கண்ணை இழுக்கிறது. ஆனாலும் எழுதி வைக்க வேண்டும்.

பகல் பிடித்த மழை. அஸர் தொழுது எழும்பும்போதே தெருவில் சத்தம். ஓயா என்கிற எங்கள் ஆறு பெருகிவிட்டது. அக்குறணைக்காரரான எங்களுக்கு இது புதிதில்லை, எந்தக் கடைக்காரரும் யாரும் சொல்லக் காத்திருப்பதில்லை. றவூப் துணிக்கட்டுகளை மேலே ஏற்றத் தொடங்கினான். மருமகள் றலியாவும் ஷஹ்மாவும் படியில் நின்று வாங்கி வாங்கிக் கொடுத்தார்கள். கீழே தண்ணீர் முழங்கால் தாண்டியதும் பெண்களை மேலே போகச் சொல்லிவிட்டான். தெரு ஆட்கள் வந்து கை கொடுத்தார்கள்.

நான் தஸ்பீஹ் மணியோடு தெருப்பக்க விறாந்தையில் இருந்தேன். ஷஹ்மா துணி சுற்றி வந்த பழுப்புத் தாளை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து இருந்தாள். மேலேயிருந்து பார்த்தால் யாருடைய முகமும் தெரியவில்லை. கட்டும் முதுகும் காலும்தான். ஒருவரும் ஒரு நிமிடம் நிற்கவில்லை. முட்டை போட நேரமில்லை, குச்சி போடவும் நேரமில்லை.

ஷஹ்மா முதலில் துணிக்கட்டைச் சரிவான ஒரு கோடாக இழுத்தாள். அதிலிருந்து, அந்தப் பாரம் எந்தக் காலில் இறங்குகிறதோ அந்தக் கால் வரைக்கும் ஒரே இழுப்பு. அவ்வளவுதான். மற்றக் கால், வளைந்த முதுகு, பிடித்த கை எல்லாம் அந்தக் கோட்டைத் தேடி வந்து ஒட்டிக்கொண்டன. நான் தஸ்பீஹ் எண்ண மறந்துவிட்டேன். தாளில் ஆள் நடக்கிறான்!

அப்போதுதான் றவூப் மேலே வந்தான், உடம்பெல்லாம் சேறு.

"கட தண்ணிக்குள்ள. நீ படம் வரஞ்சிக்கிட்டு ஈக்கிற?"

திரும்பி இறங்கிவிட்டான். நீதானே போகச் சொன்னாய் என்று நான் சொல்ல வாயெடுத்தேன், பிள்ளை என் கையைப் பிடித்தாள். பென்சிலை வைத்துவிட்டுப் போய்ப் படியில் சேறு தள்ளத் தொடங்கினாள். அழுதுகொண்டேதான் தள்ளினாள்.

ஒக்டோபர் 22

தண்ணீர் வடிந்துவிட்டது. சேறுதான் போகவில்லை. கட்டுகள் பெரும்பாலும் தப்பின, அல்ஹம்துலில்லாஹ். றவூப் மகளோடு இன்னும் பேசவில்லை.

ஈரப்பட்ட படங்களைக் கொடியில் சாரனுக்கும் சட்டைக்கும் நடுவே கிளிப் போட்டிருக்கிறாள். ஏழு தேறும். மீதி மூன்றுக்கு இன்று தெருவில் சேறு வாருகிறவர்களை வரைந்தாள், அதே மாதிரி, பாரத்திலிருந்து.

றம்லத் எங்களுக்குச் சோறு கொண்டுவந்தாள். நல்ல மனுஷி, வாய்தான். கொடியைத் தாண்டிப் போனவள் திரும்பி வந்து நின்றாள்.

"இது எங்கட மனிசன்தானே? ஒரு கைய இடுப்புல வச்சித்தான் எதயும் தூக்குவாரு."

அவளுடைய புருஷனேதான். முகம் இல்லை, ஒரு பொட்டுக்கூட இல்லை. நான் தலையை மட்டும் ஆட்டினேன். எவ்வளவு அடக்கம் பாருங்கள் எனக்கு!

நவம்பர் 6, புதன்

போனோம். றவூப் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. படங்கள் நனையாமலிருக்க ஒரு பொலித்தீன் உறை மட்டும் மேசையில் இருந்தது. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை.

அங்கே யோகராஜ் என்று படிப்பிக்கிற ஒரு சேர். பத்துப் படத்தையும் நிலத்தில் பரப்பச் சொன்னார். சேறு பட்ட பழுப்புத் தாள்கள். எனக்கு வெட்கமாக இருந்தது, மற்றப் பிள்ளைகளுடையது வெள்ளை வெளேரென்று. ஏன் ஒன்றிலும் முகமில்லை என்று கேட்டார்.

ஷஹ்மா சொன்னாள்: "எங்கட வீட்ல மொகம் வரயிறல்ல சேர். மொகம் இல்லாம ஆளக் காட்ட ஏலுமா எண்டு பாத்தன்."

அவர் படங்களிலிருந்து தலையைத் தூக்கினார். என்னைப் பார்த்தார். கொஞ்சம் எழும்பி நிற்க முடியுமா அம்மா என்று கேட்டார். ஐந்து நிமிடம், அறையில் இருந்த ஆறு பிள்ளைகளும் என்னை வரைய வேண்டுமாம். நின்றேன். ராணி மாதிரி நிமிர்ந்து நின்றேன். ஐந்து பேர் வட்டம் போட்டுத் தொடங்கினார்கள். என் பிள்ளை என் வலது காலிலிருந்து தொடங்கினாள்.

ஏன் அங்கேயிருந்து என்று சேர் கேட்டார்.

"அந்தக் கால்லதான் வாப்பும்மா நிக்கிறாங்க. எடது முழங்காலு ஏலாது. ஆருக்கும் காட்டிக்கொள்ள மாட்டாங்க."

பன்னிரண்டு வருடமாக ஒளித்த வலி. டொக்டரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். அந்தப் படத்தை சேர் திருப்பித் தரவில்லை, வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். பஸ்ஸில் இடது காலை நன்றாக நீட்டிக்கொண்டு வந்தேன். இனி யாருக்கு ஒளிக்க?

நவம்பர் 14

எடுத்துவிட்டார்கள்!! போனில் சொன்னார்கள். இருபது பேரில் என் பேத்தியின் பெயர் முதலாவது.

மதிலோரம் போய் றம்லத்திடம் சொன்னேன். "போன மாசமே எடுத்தெண்டு சென்னீங்களே றாத்தா. திரும்பவும் எடுத்தா?" என்றாள். இரண்டு பேரும் மதிலைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். பிறகு மன்னிப்புக் கேட்டேன். பிறகு இன்னொரு தரம் சொன்னேன்.

நவம்பர் 15

றவூப் படங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். ஆறாவதில் நின்றுவிட்டான். குனிந்து, இரண்டு துணிக்கட்டைத் தோளில் ஏற்றி, தண்ணீருக்குள் கால் ஊன்றி ஒருவன்.

"இது நான்."

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஷஹ்மா கதவுக்குப் பின்னால் நின்றாள். வெகுநேரம் பார்த்தான்.

"என்ட வகுறு இவ்வளவு பெருசா மகள்?"

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு கேட்டு இருபத்தாறு நாள்.

நவம்பர் 19

கடையிலிருந்து ஒரே கூச்சல், ஷஹ்மா, ஷஹ்மா, ஓடி வா, பென்சிலை எடு என்று. என்னவோ ஏதோ என்று நானும் காலை இழுத்துக்கொண்டு இறங்கினேன். வாசலில் காஸ் சிலிண்டரைத் தோளில் வைத்தபடி ஒரு மனிதர் வியர்த்துப்போய் நிற்கிறார். றவூப் அவருக்கு முன்னால் கையை விரித்து மறித்துக்கொண்டு நிற்கிறான். பாவமடா, இறக்க விடு என்றேன்.

"கொஞ்சம் பொறுங்க உம்மா. பாரம் எறங்கினா படம் போயிரும்."