தெரியாதவளாக ஒரு வாரம்

ஜூலை 12, சனி
காலையிலிருந்து புகைமூட்டம். தொண்டை கரகர. மதியம் பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் மாப்பிள்ளை பார்க்கும் படலம். முப்பத்தாறு வயதில் நான்காவது. நான் பாலிடெக்னிக் லெக்சரர், மாஸ்டர்ஸ் படித்தவள் என்றதும் முந்தைய மூவரும் ஓட்டம். இந்தத் தடவை பயோடேட்டாவை அக்காவே அடித்தாள்: காலேஜ் ஆபீஸில் வேலை. ரயிலில் வரும்போதே எச்சரிக்கை வேறு. “வாயத் தொறந்து பாடம் நடத்தாத லா. சிரி, போதும்.”

பெயர் சரவணன். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு ஃபேக்டரியில் எலக்ட்ரிக்கல் டெக்னீஷியன். ரசத்தைச் சட்டையில் கொட்டிக்கொண்டு அவரே சிரித்தார். பிடித்துவிட்டது. ஐயோ, ரொம்பப் பிடித்துவிட்டது.

ஜூலை 15, செவ்வாய்
வாங்க: இஞ்சி, தைலம், ஒயிட்போர்டு மார்க்கர்.

மாலை கிள்ளானில் ச.வுடன் டீ. வெள்ளிக்கிழமை அவருக்கு சார்ஜ்மேன் பரீட்சை, ஃபேக்டரி மின்சாரத்துக்குப் பொறுப்பேற்கும் லைசென்ஸுக்கு. மூன்றாவது தடவை. பாஸானால்தான் சூப்பர்வைசர். டிஷ்யூவில் த்ரீ ஃபேஸ் கணக்கைப் போட்டுக் காட்டினார். “ரொம்ப ஈஸி லதா. மூணு ஃபேஸ், மூணால பெருக்கணும். அவ்ளோதான்.”

தப்பு. அவர் போட்ட கணக்குக்கு ரூட் மூன்றால் பெருக்க வேண்டும். செமஸ்டர் தவறாமல் நான் நடத்தும் பாடம்.

“அப்படியாங்க?” என்றேன். முகமெல்லாம் சந்தோஷம் அவருக்கு.

டிஷ்யூவை எடுத்து வந்துவிட்டேன். வீட்டில் சிவப்புப் பேனாவால் திருத்தி ஹேண்ட்பேக்கிலேயே வைத்தேன். பழக்கதோஷம்.

ஜூலை 17, வியாழன்
வகுப்பில் கவனமே இல்லை. ‘மூணு இல்ல, ரூட் மூணு’ என்று அவருக்கு மெசேஜ் அடித்தேன், அழித்தேன். ஐந்து தடவை. அக்காவுக்குப் போன். “மூணு பேர வெரட்டினது பத்தாதா? படிக்கிறவரு, அவரே பாத்துக்குவாரு. நீ சும்மா இரு.”

பார்த்துக்கொள்வார். பார்த்துக்கொள்ள வேண்டும். முருகா, எனக்கு இவர் வேண்டும்.

மெசேஜ் போகவில்லை.

ஜூலை 19, சனி
கொட்டும் மழை. கிள்ளானில் அதே டீக்கடை. ச. டீயைத் தொடவே இல்லை.

“போச்சு லதா. பெரிய கணக்கு எல்லாத்தையும் மூணால பெருக்கிட்டேன். வெளிய வந்து ஃப்ரெண்ட கேட்டா, ரூட் மூணாம்.”

“அப்படியாங்க?” தானாக வந்துவிட்டது. சனியன் பிடித்த வாய்.

“வேலையில எல்லாரும் எனக்குக் கிளாஸ் எடுக்கறாங்க. நீங்க ஒருத்தர்தான் நான் சொன்னத நம்பினீங்க. உங்ககிட்ட இருந்தா நிம்மதியா இருக்கு. வீட்டுல பேசச் சொல்லட்டா?”

ஹேண்ட்பேக்கில் அந்த டிஷ்யூ, சிவப்புத் திருத்தத்தோடு. பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“சொல்லுங்க” என்றேன்.